தூள் மாதிரிக்கு வனேடியம் குப்பி: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

நியூட்ரான் கற்றையில் தூளை வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரமே முகடு (பதிவில் கூர்மையாக எழும் உச்சம்) காட்டத் தொடங்கினால், தூளின் படிகத்தில் நியூட்ரான் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று காட்டும் விளிம்பு விளைவுப் பதிவு குழம்பிவிடும். இந்தத் தொல்லையைத் தீர்ப்பதில் வனேடியம் குப்பிக்கு ஈடு கிடையாது. ஆனால் அது நியூட்ரான் கண்ணுக்கே தெரியாது என்று பலர் நம்புவது தவறு. முகடுதான் தெரியாது, பின்னணி நன்றாகவே தெரியும்.

காரணம் அணுக்கருவுக்குள் இருக்கிறது. 1.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள நியூட்ரானுக்கு, சில ஃபெம்டோமீட்டர் அளவுள்ள அணுக்கரு வெறும் புள்ளி. அதனால் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறும். சிதறல் நீளம் என்ற ஒற்றை எண்ணே அந்தச் சிதறலை முழுக்கச் சொல்லிவிடும்.

வனேடியத்தில் 99.75 சதவீதம் வனேடியம்-51. அதன் அணுக்கருவின் தற்சுழற்சி (ஸ்பின் என்ற குவாண்டம் எண்) 7/2, நியூட்ரானுடையது 1/2. இரண்டும் கூடினால் மொத்தம் 4 அல்லது 3 வரும். முதலாவதற்கு 9 நிலைகள், இரண்டாவதற்கு 7. மொத்தம் 4 ஆனால் சிதறல் நீளம் சுமார் +4.9 ஃபெம்டோமீட்டர், 3 ஆனால் சுமார் −7.6. முதல் எண்ணை 9/16 ஆலும் அடுத்ததை 7/16 ஆலும் பெருக்கிப் பாருங்கள்: +2.8, −3.3. ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துவிடுகின்றன. அளந்த சராசரி −0.38 தான். அலுமினியத்துக்கு 3.45. முகடுகளைத் தருவது அலைகள் இசைந்து சேரும் ஓரியல் சிதறல். அதன் குறுக்குப்பரப்பு, அதாவது சிதறும் வாய்ப்பின் அளவு, வனேடியத்தில் 0.018 பார்ன் (பார்ன் அந்தப் பரப்பின் அலகு), அலுமினியத்தில் இருப்பதில் எண்பதில் ஒரு பங்கு.

சராசரி அடிபட்டாலும் சிதறல் நீளத்தின் வர்க்கம் அடிபடாது. கூட்டல், கழித்தல் எதுவானாலும் வர்க்கம் கூட்டல்தானே. அந்த மிச்சம் 5.08 பார்ன் ஓரியலற்ற சிதறலாக எல்லாப் பக்கமும் தட்டையாகப் பரவும். 1.8 ஆங்ஸ்ட்ராமில் உட்கவர்தலும் அதே அளவு. சுவர் 0.15 மி.மீ. என்றால், இரு சுவர்களையும் கடக்கும் கற்றையில் சுமார் 2 சதவீதம் போய்விடும். அதில் பாதி உட்கவரப்படும், பாதி பின்னணியாகும். ஆகவே வெற்றுக் குப்பியைத் தனியாகக் கற்றையில் அளந்து, அந்தப் பதிவைக் கழிப்பதைத் தவிர்க்கவே கூடாது. தூள் குறைவாக இருந்தால் 8 மி.மீ. குப்பியை அரைகுறையாக நிரப்பாமல் 6 மி.மீ. குப்பிக்கு மாறுங்கள். தட்டித் தட்டி நிரப்பி, தூளின் மேல்மட்டம் கற்றையின் உயரத்தைத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

நீண்ட பதிவுகளில் 2.14 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியுள்ள (110) என்ற படிக அடுக்குகளிலிருந்து வனேடியத்தின் முகடு மெல்லத் தலைகாட்டும். உருட்டிய தகடு என்பதால் படிகத் துகள்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ரீட்வெல்ட் பொருத்தத்தில் (படிக மாதிரியிலிருந்து கணக்கிட்ட பதிவை அளந்த பதிவோடு பொருத்தும் முறை) வனேடிய முகடுகளின் உயரம் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் மாதிரியைச் சந்தேகிக்க வேண்டாம்.

குப்பி கெடுவது பெரும்பாலும் ஹைட்ரஜனால். வனேடியம் அதைச் சூட்டில் குடித்துவிடும், பிறகு நொறுங்கும். ஹைட்ரஜனின் ஓரியலற்ற குறுக்குப்பரப்பு 80 பார்ன். எனவே 16 வனேடியம் அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் புகுந்தாலே பின்னணி கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடேற்றும் சோதனைக்கு இந்தக் குப்பி ஆகவே ஆகாது. காற்றில் சூடேற்றினால் ஆக்சைடு பிடிக்கும், வெற்றிட உலையில் மட்டும் வையுங்கள். நைட்ரிக் அமிலத்தில் கழுவினால் குப்பியே கரையும். மென்மையான தூரிகையும் ஆல்கஹாலும் போதும். கழுவியதும் பற்றவைத்த மடிப்பை உருப்பெருக்கியில் பாருங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

மாதிரியைக் கடுங்குளிரில் வைக்கும் குளிரூட்டியில் வேறு சிக்கல். வனேடியம் வெப்பத்தை மந்தமாகவே கடத்தும். உள்ளே ஹீலியம் நிரப்பி மூடாவிட்டால், வெப்பமானி காட்டும் எண்ணுக்குத் தூள் வந்து சேர நெடுநேரமாகும். மூடிக்கு இண்டியம் கம்பி அருமையாக அடைக்கும், ஆனால் 157 டிகிரி செல்சியஸில் உருகும். நியூட்ரானையும் பலமாக விழுங்கும் (194 பார்ன்). எனவே அது கற்றைக்கு வெளியே இருக்கட்டும், மூடிக்கு மேல் காட்மியம் மறைப்பு போடுங்கள்.

கதிரியக்கத்தில் இது நல்ல பிள்ளை. உருவாகும் வனேடியம்-52 இன் அரை ஆயுள் 3.7 நிமிடம், நாற்பது நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். உள்ளிருக்கும் மாதிரி எப்படியோ, அதனால் அளந்து பார்க்காமல் தொடாதீர்கள்.

நியூட்ரானின் ஆற்றல் மாற்றத்தை வைத்து அணு அதிர்வுகளை ஆராயும் மீட்சியற்ற சிதறலுக்கு அலுமினியமே மேல். வனேடியத்தின் தட்டையான சிதறல் அங்கே மீட்சிக் கோட்டை (ஆற்றல் மாறாத நியூட்ரான்கள் தரும் கோடு) வீங்க வைத்து, தன் சொந்த அதிர்வுகளையும் கலந்துவிடும். உயர் அழுத்தத்துக்கு டைட்டானியம் 68, சிர்கோனியம் 32 என்ற அணு விகிதக் கலவையைப் பாருங்கள். டைட்டானியத்தின் சிதறல் நீளமான −3.4 ஐ சிர்கோனியத்தின் 7.2 ஈடுகட்டும். சுவரைத் தடிமனாக வைக்கலாம், முகடு வராது.

வாங்கும்போது சுவர்த் தடிமன், உள்விட்டம், மடிப்பைப் பற்றவைத்த முறை, மூடியின் உலோகம் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். ஹீலியம் கசிவுச் சோதனை செய்யாத குப்பியைக் குளிர்ச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.