ஓப்பன்கார்: இதயச் செல்லை ஓடவிட்டுப் பார்க்க ஓர் இலவச மென்பொருள்

உடலியங்கியல் பாடம் எடுப்பவள் நான். கணக்கென்றால் பத்தடி தள்ளியே நிற்பேன். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஓப்பன்காரை என் பழைய லேப்டாப்பில் போட்டேன், நன்றாகவே ஓடுகிறது. உடலியங்கியலாளர் டெனிஸ் நோபிள் 1962-இல் வெளியிட்ட, இதயத்தில் மின் துடிப்பைக் கடத்தும் புர்கின்ஜி இழையின் கணித மாதிரியைத் திறந்து ஓடவிட்டால் செல் தானாகத் துடிக்கிறது. லண்டனில் மெர்குரி என்ற அந்தக் காலத்துக் கணினியில் அவர் ராத்திரி கண்விழித்துப் போட்ட கணக்கு அது! சோடியம் கடத்துதிறனை, அதாவது சோடியம் அயனிகளைச் செல் சவ்வு எவ்வளவு எளிதாக விடுகிறது என்ற அளவை, பூஜ்யமாக்கினேன். வரைபடத்தில் துடிப்பின் தொடக்கத்தில் மின்னழுத்தம் எகிறும் அந்தச் செங்குத்தான ஏற்றம் காணாமல் போச்சு. கரும்பலகையில் நான் வரைந்து மாய்வதைவிட இது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது.

ஆனால் ஓப்பன்கார் திறக்கும் மாதிரிகள் செல்எம்எல் என்ற வடிவத்தில் எழுதப்பட்டவை. அந்தக் கோப்பில் இயற்கணிதச் சமன்பாடுகளுக்கும், நேரத்தோடு மட்டும் மாறுவதைச் சொல்லும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும்தான் இடம்; இடத்துக்கு இடம் மாறுவதைச் சொல்ல முடியாது. செல்லிலிருந்து திசுவுக்கு ஏறி, மின் அலை இதயச் சுவரில் பரவுவதைப் பார்க்க ஆக்ஸ்போர்டில் பிறந்த சேஸ்ட் போன்ற வேறொரு மென்பொருளுக்குத் தாவ வேண்டும். அதுவும் இதே செல்எம்எல் மாதிரிகளை ஏற்கும் என்பது வசதி. என் லேப்டாப் தாங்காது, அவ்வளவுதான்.