'சிங்கிங் இன் த ரெயின்', 'த பேண்ட் வேகன்': முதலில் எதைப் பார்ப்பது, எதைத் திரும்பப் பார்ப்பது?

ஒரு நாடகமோ படமோ உருவாகும்போது நடக்கும் பாடுகளையே கதையாக வைத்து, ஆட்டமும் பாட்டும் சிரிப்புமாக ஹாலிவுட் எடுத்த படங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றைப் பார்த்துத் தொடங்கலாம் என்று நினைப்பவருக்குக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். 1952-இல் வந்த 'சிங்கிங் இன் த ரெயின்', 1953-இல் வந்த 'த பேண்ட் வேகன்'. இரண்டும் எம்.ஜி.எம். படங்கள். இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட். திரைக்கதை எழுதியவர்களும் அதே பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் இணைதான். ஒரே பட்டறையில் அடுத்தடுத்து வார்த்த இரண்டு வேலைகள் என்பதால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமானது.

வண்ணம், உடை, செட், நடிகர் கவர்ச்சி எல்லாம் இரண்டிலும் முதல் தரம். நேரமும் பெரிய வித்தியாசமில்லை: முன்னது 103 நிமிடம், பின்னது 112. முன்னதில் ஜீன் கெல்லி, பின்னதில் ஃபிரெட் அஸ்டேர். இவர்களில் யார் பெரியவர் என்ற பழைய சண்டை இந்தத் தேர்வுக்கு உதவாது.

என் தேர்வு 'சிங்கிங் இன் த ரெயின்'. முதலில் பார்க்கவும் அதுதான், திரும்பப் பார்க்கவும் அதுதான். காரணம் ஒன்றே ஒன்று: தொழிலில் ஒரு பிழை நேர்ந்தால் அது ஏன் நேர்ந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதை அந்தப் படம் கண் முன்னால் காட்டுகிறது. இந்த வகைப் படங்களின் சுவையே அதில்தான் இருக்கிறது. 'பேண்ட் வேகன்' அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

கதை நடப்பது 1927-இல். அந்த ஆண்டு அக்டோபரில் 'த ஜாஸ் சிங்கர்' வெளியாகி, பேசாத படங்களின் காலத்தை முடித்துவைக்கத் தொடங்கியது. படத்தில் வரும் மானுமெண்டல் ஸ்டுடியோ, பாதி எடுத்த மௌனப் படத்தை அவசரமாகப் பேசும்படமாக்கப் பார்க்கிறது. சிக்கல் நாயகி லீனா லமாண்டின் குரலில். முகம் தேவதை; குரலோ தகரத்தைக் கீறுவது போல. இதைப் படம் உடனே சொல்லிவிடுவதில்லை. முதல் காட்சியில் அவர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் உடன் நடிக்கும் நாயகன் டான் லாக்வுட் (ஜீன் கெல்லி) முந்திக்கொண்டு பேசிவிடுகிறான். திரைக்குப் பின்னால் போன பிறகுதான் அந்தக் குரல் முதன்முறையாகக் காதில் விழுகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது, டான் குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் தனித்தனியாகச் சிரிப்பு மூட்டும்.

பிறகு ஒலிப்பதிவுக் காட்சி. அக்காலத்து மைக் நடிகரின் வாய்க்கு அருகில் இருந்தாக வேண்டும்; ஆனால் படத்தில் தெரியக்கூடாது. முதலில் செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். லீனா தலையைத் திருப்பித் திருப்பிப் பேசுவதால் பாதி வசனம் பதிவாகிறது, பாதி காற்றோடு போகிறது. அடுத்து அவரது மார்பருகே உடைக்குள் தைத்து வைக்கிறார்கள். அங்கே வசனத்தைவிட இதயத்துடிப்பு பலமாகக் கேட்கிறது. பிறகு தோள்பட்டையில், பூவுக்குள். இப்போது ஒலி சரி, ஆனால் ஒயர் தரையில் கிடக்கிறது. உள்ளே வரும் முதலாளி, யார் காலையாவது தடுக்கிவிடுமே என்று அதைப் பிடித்து இழுக்க, லீனா தலைகீழாகக் கவிழ்கிறார். மூன்று முயற்சி, மூன்று தோல்வி; ஒவ்வொன்றும் முந்தையதைத் திருத்தப் போய் வந்த புதுத் தோல்வி. நகைச்சுவையை இப்படிப் படிப்படியாக, காரணத்தோடு அடுக்கிய காட்சிகள் அரிது.

வெளியீட்டுக்கு முன் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டும் முன்னோட்டக் காட்சியில் இதற்கெல்லாம் மொத்தமாகப் பலன் கிடைக்கிறது. முத்துமாலை உரசும் சத்தம் இடியாகக் கேட்கிறது. கடைசியில் ஒலியும் படமும் ஒன்றோடொன்று விலகிவிட, வில்லன் வாயிலிருந்து லீனாவின் குரலும் லீனா வாயிலிருந்து வில்லனின் குரலும் வருகின்றன. இது வெறும் கற்பனை இல்லை. வைட்டாஃபோன் என்ற அக்காலத்துப் பேசும்பட முறையில் ஒலி படச்சுருளில் இருக்காது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் 16 அங்குல இசைத்தட்டில் இருக்கும். ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். சுருள் அறுந்து சில ஃபிரேம்களை வெட்டி ஒட்டினாலோ, ஊசி ஒரு வரி தாண்டினாலோ, அந்த ரீல் முடியும்வரை வாயசைப்பு தப்பிக்கொண்டே போகும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சிரிப்பு குறையாது, கூடும்.

இனி கவனிக்க வேண்டியது அந்த ஒரே இரவு. முன்னோட்டம் படுதோல்வி. டான், அவன் நண்பன் காஸ்மோ, டான் காதலிக்கும் புதுமுக நடிகை கேத்தி, மூவரும் வீட்டில் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும்போது, இதையே இசைப்படமாக மாற்றிவிட்டால் என்ன என்ற யோசனை பிறக்கிறது. அந்த உற்சாகத்தில் 'குட் மார்னிங்' நடனம். அது முடிந்ததும் லீனாவுக்குப் பாட வராதே என்று ஞாபகம் வர, காஸ்மோ முன்னால் நின்று வாயசைக்கிறான், கேத்தி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பாடுகிறாள். டப்பிங் என்ற தீர்வு அந்த நொடியில் கிடைத்துவிடுகிறது. கேத்தியை வீட்டில் விட்டுவிட்டு வெளியே வரும் டான், மகிழ்ச்சி தாங்காமல் மழையில் ஆடுகிறான். உலகப் புகழ்பெற்ற அந்த ஆட்டம், தனியாக வெட்டி எடுத்துப் பார்க்கையில் அழகான நடனம். இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போதோ, ஒரு தொழில் சிக்கல் அவிழ்ந்த நிம்மதி. இணையத்தில் அந்தத் துண்டை மட்டும் பார்த்தவர்கள் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

தமிழ் ரசிகருக்கு இங்கே ஒரு சின்ன மனமாற்றம் தேவை. நமக்குப் பின்னணிப் பாடகர் என்பவர் பெயர் போட்டுக் கொண்டாடப்படுபவர். இந்தக் கதையிலோ இரவல் குரல் என்பது மூடி மறைக்க வேண்டிய ரகசியம். திரை விலகி அது வெளிப்படுவதுதான் உச்சக்காட்சி. இதில் இன்னொரு மடிப்பும் உண்டு. கதைப்படி கேத்தி லீனாவுக்காக 'வுட் யூ' பாட்டைப் பாடுகிறாள். ஆனால் கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு அந்தப் பாட்டில் குரல் கொடுத்தவர் பெட்டி நாய்ஸ். கேத்தி வசனத்துக்கு டப்பிங் பேசும் இடத்திலோ, கேட்பது லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! ஹேகனுக்கு நல்ல குரல் வளம் உண்டு. அந்தக் கீச்சுக் குரல் முழுக்க நடிப்பு. துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குச் சும்மா வந்ததல்ல.

குறையும் உண்டு. பின்பகுதியில் வரும் 'பிராட்வே மெலடி' பாலே சுமார் 13 நிமிடம். சிட் சரீஸ் வரும் பகுதி கண்ணைப் பறிக்கும் என்றாலும், கதை அங்கே அப்படியே நின்றுவிடுகிறது. முதல் முறை பார்ப்பவர்கள் சலிப்படையும் இடம் இதுவே. அதை இடைவேளை விருந்தாக எடுத்துக்கொண்டால் நல்லது.

'பேண்ட் வேகன்' பக்கம் வருவோம். வின்சென்ட் மின்னெல்லி இயக்கம். மவுசு குறைந்த நடன நட்சத்திரம் டோனி ஹண்டர் (ஃபிரெட் அஸ்டேர்), நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் நடிக்க வருகிறான். எளிய இசை நகைச்சுவையை, மேதாவி இயக்குநர் ஜெஃப்ரி கார்டோவா, சாத்தானிடம் ஆன்மாவை விற்ற ஃபௌஸ்டின் கதையாக்கி, மேடை முழுக்க ஏறி இறங்கும் தளங்களும் வெடியும் புகையுமாக நிரப்புகிறார். ஒத்திகையில் அந்த இயந்திரங்கள் படுத்தும் பாடு அருமையான நகைச்சுவை. ஆனால் முதல் நாள் மேடையேற்றம் எப்படித் தோற்றது என்று படம் காட்டுவதில்லை. உள்ளே போகும் கூட்டம், ஒரு முட்டையின் படம் (ஆங்கிலப் பேச்சில் 'முட்டையிட்டது' என்றால் படுதோல்வி), பேயறைந்த முகத்தோடு வெளியே வரும் கூட்டம், அவ்வளவுதான். சாமர்த்தியமான வெட்டு, சந்தேகமில்லை. பிறகு டோனி தன் ஓவியங்களை விற்றுப் பணம் போட, ஊர் ஊராகப் போகும் நாடகம் வெற்றி பெறுகிறது. எது எப்படித் திருத்தப்பட்டது? காட்டப்படுவதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாட்டுகள் வரிசையாக வருகின்றன. 'டிரிப்லெட்ஸ்' வெகு வேடிக்கை. 'கேர்ள் ஹண்ட்' பாலே துப்பறியும் நாவல்களைக் கிண்டல் செய்யும் அற்புதமான துண்டு. ஆனால் எந்தப் பாட்டையும் இடம் மாற்றி வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. திரும்பப் பார்க்கும்போது கை தானாகப் பிடித்த பாட்டுக்கு ஓட்டிச் செல்வது இதனால்தான்.

ஒரு இடம் மட்டும் விதிவிலக்கு, அதற்காகவே இந்தப் படத்தை விடக்கூடாது. பாலே ஆடும் நாயகி கேபியும், காலணியால் தரையைத் தட்டித் தாளமிடும் டேப் நடனம் ஆடும் டோனியும் சண்டை போட்டபின், நம்மால் சேர்ந்து ஆட முடியுமா என்று தெரிந்துகொள்ளச் சென்ட்ரல் பார்க்குக்குப் போகிறார்கள். 'டான்சிங் இன் த டார்க்': ஒருவரும் பாடுவதில்லை, வெறும் இசை. நடை மெல்ல நடனமாகிறது. ஆட்டம் முடிகிறபோது கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. இருவரின் உடலும் தலை முதல் கால் வரை ஃபிரேமுக்குள்ளேயே இருக்கும். நடனத்தின் மென்மை மட்டும் வேண்டுமென்றால், 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தில் இதற்கு ஈடாக ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவை இரண்டுக்கும் மூத்தது 1933-இன் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்'. கறுப்பு வெள்ளை, 89 நிமிடம், நடன அமைப்பு பஸ்பி பெர்க்லி. ஒத்திகையின் களைப்பையும் வேலை போய்விடும் பயத்தையும் பின்னவை இரண்டும் தொடாத நேர்மையோடு காட்டுகிறது. பெரிய நடனங்கள் மூன்றும் கடைசிப் பகுதியில் குவிந்துள்ளன. எந்த மேடையிலும் சாத்தியமில்லாத, உச்சியிலிருந்து எடுத்த ஷாட்டுகள் அவை. பெரிய திரைக்கென்றே கட்டியவை என்பதால், வீட்டுத் திரையில் பார்த்து நான் போடும் மதிப்பெண் அவற்றுக்குப் போதாமல் இருக்கலாம். மூன்றாவதாகப் பாருங்கள்.

எதைப் போட்டாலும் முதலில் டிவியின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். 'சிங்கிங் இன் த ரெயின்' 1.37:1 விகிதத்தில், அதாவது உயரத்தைப்போல் 1.37 மடங்கு அகலத்தில் எடுக்கப்பட்டது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் போட்டுத் திரையை நிரப்பினால் உயரத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு வெட்டுப்படும். முதலில் காணாமல் போவது ஆடுபவரின் பாதங்கள். அசைவை மென்மையாக்கும் டிவி வசதியான மோஷன் ஸ்மூதிங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் டேப் நடனத்தின் வெட்டான அசைவு வழுக்கிக்கொண்டு போகும். சப்டைட்டில் முதல் முறைக்கு வேண்டும். ஆனால் லீனா உச்சரிப்புப் பயிற்சி பெறும் காட்சியில் அதை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். அவர் அந்தச் சொற்களைப் படுத்தும் பாடு எழுத்தில் வராது. செடிக்குள் மைக் வைக்கும் காட்சிக்கு ஹெட்ஃபோன் இருந்தால், குரல் எந்த நொடியில் மறைந்து எந்த நொடியில் திரும்புகிறது என்பது துல்லியமாகப் பிடிபடும்.