புத்தகம் முகத்தை மறைக்கிறது, திரை மனதை மறைக்கிறது

வாசித்தால் கற்பனை வளரும், படம் பார்த்தால் கற்பனை செத்துவிடும். பெரியவர்கள் வாயிலிருந்து இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. இரண்டிலும் தாராளமாக நேரம் செலவழிக்கிற எனக்கு, இதில் பாதிதான் சரி என்று படுகிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் கற்பனை சும்மா இருப்பதில்லை. அது வேலை செய்யும் இடம்தான் வேறு.

வாசிப்பிலிருந்து தொடங்கலாம். "அவள் கதவைத் திறந்தாள்" என்று ஒரு வரி. படித்ததும் மனதில் ஒரு கதவு வந்துவிடுகிறது. ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா? என்ன நிறம்? எந்தக் கையால் திறந்தாள்? கேட்கும்வரை நம்மிடம் பதில் இல்லை. கேட்டபிறகு அவசரமாக ஒன்றை முடிவு செய்துகொள்கிறோம். படிக்கும்போது மனதுக்குள் சினிமா ஓடுகிறது என்பதெல்லாம் கொஞ்சம் மிகைதான். ஓடினாலும் அது ஓட்டைகள் நிறைந்த படம். கதைக்கு எது வேண்டுமோ அதன்மேல் மட்டும் வெளிச்சம் விழுகிறது, மிச்சம் இருட்டில் கிடக்கிறது, அது நமக்கு உறுத்துவதும் இல்லை. கேமராவுக்கு இந்தச் சலுகை கிடையாது. கதவைக் காட்டினால் அதன் நிறத்தையும் தாழ்ப்பாளையும் சேர்த்துக் காட்டியே ஆக வேண்டும்.

இந்த ஓட்டைகளைக் காப்பாற்றப் போராடிய எழுத்தாளர்களும் உண்டு. ஒரு மனிதன் காலையில் பூச்சியாக மாறிக் கண்விழிக்கும் காஃப்காவின் 'உருமாற்றம்' 1915-ல் வெளிவந்தது. அட்டைக்குப் படம் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் பதிப்பகத்துக்குப் பதறிக் கடிதம் எழுதினார்: அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தொலைவில் இருப்பதுபோல்கூடக் காட்டக் கூடாது. கடைசியில் அட்டையில் வந்தது, முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு கதவை விட்டு விலகும் ஒரு மனிதன்தான். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு தடவை வரைந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே பூச்சி ஆகிவிடும்.

சிலருக்கு மனதில் படமே எழுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காலை உணவு மேசையை மனக்கண்ணில் பார்க்க முடிகிறதா என்று பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பலரிடம் கேட்டு, 1880-ல் அதைப் பற்றி எழுதினார். சிலர் எதுவுமே தெரியவில்லை என்றார்கள். இந்த நிலைக்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வந்தது 2015-ல், ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவர் வழியாக. இப்படிப்பட்டவர்களிலும் நாவல்களில் ஊறிப்போனவர்கள் இருக்கிறார்கள். ஆக, கற்பனை என்றாலே மனக்காட்சி என்று சுருக்கிவிட முடியாது. இன்னொருவர் நிலையில் நின்று யோசிப்பதும், அடுத்து என்ன ஆகும் என்று தவிப்பதும் அதில் சேர்த்திதான்.

சரி, திரையின் பக்கம் வருவோம். 1920-ஐ ஒட்டிய வருடங்களில் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு சோதனை சினிமா படிக்கும் எல்லோருக்கும் பாடம். ஒரு நடிகரின் முகம், எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரே முகம். அதை ஒரு சூப் கிண்ணத்துக்கு அடுத்து வைத்தார், ஒரு சவப்பெட்டிக்கு அடுத்து வைத்தார், ஒரு பெண்ணுக்கு அடுத்து வைத்தார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். முகம் மாறவே இல்லை, மாற்றியது பார்த்தவர்களின் மனம்.

என்னைக் கேட்டால் ஒப்பீட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது. "அவளுக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது" என்று நாவலாசிரியர் எழுதிவிட்டால் அதில் நாம் ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. அவள் மூக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் நாம் நிரப்ப வேண்டும். திரையில் மூக்கு இருக்கிறது, காதோரம் பறக்கும் முடிகூட இருக்கிறது. உதட்டோரம் லேசாக அசைகிறதே, அது நிம்மதியா குற்ற உணர்ச்சியா என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். படம் முடிந்து வெளியே வரும்போது நண்பர்கள் சண்டை போடுவது இதற்காகத்தான். உள்ளே இருப்பதைப் புத்தகம் தருகிறது, வெளியே தெரிவதைத் திரை தருகிறது. மறுபாதி நம் வேலை. நல்ல எழுத்தாளர்கள் உள்ளே இருப்பதையும் கொஞ்சம் ஒளித்துவைப்பார்கள், நல்ல இயக்குநர்கள் வெளியே இருப்பதையும் மறைப்பார்கள். 1975-ல் வந்த 'ஜாஸ்' படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் வேறு வழியில்லாமல் சுறாவை மறைத்து, அதன் முதுகுத் துடுப்பையும் மிதக்கும் பீப்பாய்களையும் இசையையும் வைத்தே பெரும்பகுதியை நகர்த்தினார். பயம் கூடத்தான் செய்தது.

எழுத்தால் மட்டும் ஆகிற காரியங்கள் சில உண்டு. "ஒவ்வொரு மாலையும் அவர் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்வார்." கேமராவால் ஒரு மாலையைத்தான் காட்ட முடியும். 'ஒவ்வொரு' என்பதைச் சொல்ல, சட்டையை மாற்றி மாற்றி நாலு தடவை எடுத்து ஒட்ட வேண்டும். "அன்று அவர் வரவில்லை" என்பது இன்னும் சிக்கல். காலிப் பெஞ்சைக் காட்டலாம். யார் இல்லாததால் அது காலி என்று பெஞ்சு சொல்லாது. இதற்கு நேர் எதிர், அசைவு. நடனம், குதிரை ஓட்டம், கத்திச் சண்டை, கூட்ட நெரிசல் எல்லாம் திரைக்கு ஒரு நொடி வேலை. எழுத்திலோ அவன் இடப்பக்கம் குனிந்தான், இவன் வலக்காலை வீசினான் என்று வரிசையில்தான் வர முடியும். நாவலில் சண்டைப் பத்தி வந்தால் நான் யார் பிழைத்தார்கள் என்று பார்த்துவிட்டுத் தாண்டிப்போகிற ரகம். கயிற்றில் முடிச்சுப் போடக் கற்க வேண்டுமா? புத்தகத்தை மூடிவிட்டு வீடியோ பாருங்கள்.

அப்புறம் வேகம். படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையே சுமார் கால் வினாடி நிற்கிறது, அவ்வப்போது படித்ததையே பார்க்கத் திரும்புகிறது. ஒரு வரியில் மனம் சிக்கினால் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்க்கலாம், கதை காத்திருக்கும். சினிமா நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் நிறுத்தினால் காட்சி உடைகிறது. வாசிப்பில் நிறுத்துவதும் வாசிப்பின் பகுதிதான்.

திரைமேல் சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் குறும்வீடியோக்களுக்கும், தானாக ஓடத் தொடங்கும் அடுத்த பாகத்துக்கும் போய்ச் சேர வேண்டியவை. அங்கே யோசிக்க இடைவெளியே விடுவதில்லை. இரண்டரை மணி நேரப் படத்தை அந்தக் கும்பலோடு சேர்த்துத் திட்டுவது அநியாயம். அதேபோல, அத்தியாயத்துக்கு ஒரு அதிர்ச்சி வைத்து விரட்டும் மசாலா நாவல் காகிதத்தில் இருப்பதாலேயே உயர்ந்துவிடாது.

வாசிப்பைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எழுத்து பிறந்து சுமார் 5000 ஆண்டுகள்தான் ஆகின்றன. பார்க்கவும் கேட்கவும் மூளை பிறவியிலேயே தயார்; எழுத்தை ஒவ்வொரு குழந்தையும் புதிதாகக் கஷ்டப்பட்டுத்தான் பழகுகிறது. எழுத்துக்கூட்டியே களைத்துப்போகிற பிள்ளையிடம் "படி, கற்பனை வளரும்" என்பதில் பயனில்லை. வாசித்துக் காட்டினால் கதையும் கிடைக்கும், கற்பனையும் ஓடும். களைத்துப்போன பெரியவர்களுக்கும் ஒலிநூல் அதே காரணத்துக்காக நல்லது.

ஒரே கதை இரண்டு வடிவிலும் இருந்தால் எது முதலில்? பெரும்பாலும் புத்தகம். நடிகரின் முகம் ஒருமுறை பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு படிக்கும் ஒவ்வொரு வரியிலும் அவரேதான் வந்து நிற்பார், நாம் உருவாக்கிய முகம் வெளியேறிவிடும். படித்துவிட்டுப் பார்த்தால் "இவர் போய் அவராமா!" என்று திட்டும் சுகமாவது மிஞ்சும். விதிவிலக்கு, நூறு பாத்திரங்களும் நாலு தலைமுறையும் வரும் நாவல்கள். அதில் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்புகிறவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டுப் போவதில் தப்பில்லை. கொலைகாரன் யார் என்ற கதையென்றால் எதை முதலில் எடுத்தாலும் மற்றது கெட்டுவிடும். அங்கே எது கைக்கு முதலில் கிடைக்கிறதோ அதுதான்.