செவெல், சேலஞ்சர், மஸ்டாங், டிரான்ஸ் ஆம்: எழுபதுகளின் மசில் காரில் எதை வாங்கலாம்?

எழுபதுகளின் அமெரிக்க மசில் கார் ஒன்றை, அதாவது பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார் ஒன்றை, வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் அளவில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். 383, 396, 440, 454 என்று கன அங்குலக் கணக்குகள் பறக்கின்றன. என்னைக் கேட்டால், அது கடைசியாகப் பார்க்க வேண்டிய கணக்கு. பழைய எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். கார்புரேட்டரும் கிளட்சும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. துரு தின்ற உடலைத் தேற்றுவது அப்படி எளிதல்ல. காணாமல் போன ஆவணத்தையோ எந்த விலை கொடுத்தாலும் மீட்க முடியாது. எனவே இங்கே நான்கு வண்டிகளை இரண்டு கேள்விகளை வைத்தே ஒப்பிடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து இது இப்படித்தான் வெளிவந்தது என்று நிரூபிக்க முடியுமா? துரு எந்த இடத்தில் ஒளிந்திருக்கும்?

நான்கில் ஒன்று 1970ஆம் ஆண்டு செவர்லே செவெல் எஸ்எஸ் 396. அதே ஆண்டின் டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி 383 இரண்டாவது. மற்ற இரண்டும் 1971இன் ஃபோர்டு மஸ்டாங் மாக் 1, 1978இன் போன்டியாக் டிரான்ஸ் ஆம். ஹெமி என்ற மிக வலுவான எஞ்சின் கொண்ட சேலஞ்சரையும், எல்எஸ்6 என்ற 450 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட செவெலையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 1970இல் ஹெமி பொருத்திய சேலஞ்சர்கள் 356 மட்டுமே வந்தன. அவை ஏலக்கூடத்துக் கோடீஸ்வரர்களுக்கானவை. ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு வாங்குகிறவருக்கு இந்த நான்கும் போதும்.

குதிரைத்திறன் எண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைத் தனியாக ஒரு மேடையில் வைத்து, சைலன்ஸர் முதலிய துணைக்கருவிகள் இல்லாமல் அளந்த எண்ணையே விளம்பரம் செய்தன. 1972 முதல் எல்லாவற்றையும் பொருத்தி அளக்கும் முறை வந்தது. அதே எஞ்சின் ஒரே இரவில் கணிசமாக இளைத்ததாகத் தாளில் தெரிந்தது. உண்மையான இழப்பும் இருந்தது: ஈயம் கலக்காத பெட்ரோலுக்குத் தயாராக, செவர்லே, போன்டியாக் இரண்டுக்கும் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1971இலேயே அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை) குறைத்தது; 1973 எண்ணெய் நெருக்கடி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. எனவே செவெலின் 350, சேலஞ்சரின் 335, மாக் 1இன் 285 எல்லாம் பழைய அளவு. டிரான்ஸ் ஆமின் 220 புதிய அளவு. 1978 வண்டி மெதுவானதுதான். ஆனால் அந்த எண்கள் காட்டுகிற அளவுக்கு அல்ல.

செவெல்: அழகும் அச்சமும்

நான்கில் என் மனம் போவது செவெல் பக்கம்தான். 1970இன் அந்த முகமும், பின்சக்கரத்தின் மேல் புடைத்து நிற்கும் தகடும் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. தனிச் சேஸிஸ்மேல் உடல் அமர்ந்த வண்டி என்பதால் டிங்கரிங் வேலைக்கும் வசதி. உதிரிபாகங்களுக்குப் பஞ்சமே இல்லை: கதவு, பானெட், டாஷ்போர்டு என்று ஏறக்குறைய முழு வண்டியையும் கேட்டலாக் பார்த்தே வரவழைக்கலாம்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 1970இல் எஸ்எஸ் என்பது தனி மாடல் அல்ல, கூடுதல் பணத்துக்குக் கிடைத்த ஒரு தொகுப்பு. வண்டி எண் (பதிவெண் அல்ல, தொழிற்சாலையே பொறித்த அடையாள எண்) 13637 என்று தொடங்கினால் அது வி8, அதாவது எட்டு சிலிண்டர், எஞ்சின் கொண்ட மாலிபு கூபே என்பது மட்டும்தான் உறுதி. மாலிபு என்பது செவெலிலேயே ஒரு வகை. சாதாரண 307 எஞ்சினோடு ஒரு குடும்பம் வாங்கிய மாலிபுவுக்கும், 396 எஸ்எஸ் வண்டிக்கும் தொடக்கம் ஒன்றே. எந்த எஞ்சின் வந்தது என்பதையும் அந்த எண் சொல்லாது. ஆகவே மாலிபுவை வாங்கி, கறுப்பு கிரில்லும் வட்ட மீட்டர்களும் எஸ்எஸ் எழுத்துகளும் மாட்டி, இருமடங்கு விலைக்கு விற்கும் வியாபாரம் பல பத்தாண்டுகளாகத் தங்குதடையின்றி நடக்கிறது. (எஸ்எஸ் 396 என்று பெயர் இருந்தாலும் 1970 வண்டியில் வந்த எஞ்சினின் உண்மையான அளவு 402 கன அங்குலம். அதைப் பார்த்து யாரும் திடுக்கிட வேண்டாம். பெயரைத் தொழிற்சாலையே மாற்றவில்லை.)

நிரூபணம் இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, வண்டியில் எதை எதைப் பொருத்த வேண்டும் என்று அசெம்பிளி லைனில் தொழிலாளர்களுக்காக அச்சிட்ட பில்ட் ஷீட். பெட்ரோல் டாங்கின் மேற்பரப்பிலோ இருக்கை ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மற்றொன்று, முதல் உரிமையாளருக்கு வாரண்டியோடு கொடுத்த சிறிய உலோகத் தகடு. ஊரில் மனை வாங்கும்போது மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்கிற அதே பிடிவாதத்தோடு இந்த இரண்டையும் கேட்க வேண்டும். கனடாவில் விற்பனையான வண்டியாக இருந்தால், அந்நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் பாதுகாத்த பதிவேட்டிலிருந்து சான்று பெற வழி உண்டு. அமெரிக்காவில் விற்ற செவர்லேக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எஞ்சின் பிளாக்கில் உள்ள முத்திரையையும் கையில் டார்ச் வைத்துப் பார்க்க வேண்டும். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்கு அருகில் ஒரு தட்டையான மேடை இருக்கும். அதில் வண்டி எண்ணின் பிற்பகுதி பொறித்திருக்கும். எழுத்துகளைப் படிப்பதற்கு முன் அந்த மேடையின் பரப்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் அறுத்த பிளாக் என்றால் மெல்லிய இணைகோடுகள் பரப்பு முழுவதும் ஓடும். எழுத்துகள் அவற்றின்மேல் அழுந்தியிருக்கும். பரப்பு வழவழப்பாகவோ வட்டச் சுழல்களாகவோ இருந்தால் யாரோ அதைச் சீவியிருக்கிறார்கள். நேர்மையான எஞ்சின் வேலையிலும் அந்தக் கோடுகள் அழியும் என்பது உண்மைதான். ஆனால் கோடு அழிந்த மேடையில் எழுத்து மட்டும் பளிச்சென்று நின்றால், அது பிறகு அடித்த முத்திரை.

சேலஞ்சர்: எண்ணே பேசுகிறது

டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் இந்த விஷயத்தில் வாங்குகிறவருக்கு நன்மை செய்திருக்கிறது. சேலஞ்சரின் வண்டி எண்ணிலேயே விவரம் இருக்கிறது: JS23 என்று தொடங்கினால் ஆர்/டி என்ற வேக வகையின் ஹார்ட்டாப் (நிலையான கூரை கொண்ட இரண்டு கதவு வண்டி). ஐந்தாவது எழுத்து எஞ்சின்: N என்றால் 383, U என்றால் 440, V என்றால் மூன்று கார்புரேட்டர் கொண்ட 440, R என்றால் ஹெமி. அடுத்த பூஜ்யம் 1970ஐக் குறிக்கும். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்து உட்ஃபெண்டரில் ஒரு சிறு தகடு: நிறம், கியர்பாக்ஸ், கூடுதல் வசதிகள் எல்லாம் குறியீடுகளாக அங்கே இருக்கும். FC7 என்றிருந்தால் அந்த வண்டி ஊதா நிறத்தில் பிறந்தது. இன்று எந்த நிறத்தில் இருந்தாலும் கதவு ரப்பரை விலக்கினால் ஊதா தெரிய வேண்டும். அந்தத் தகட்டையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால் ரேடியேட்டர் தாங்கியில் பொறித்த எண்ணோடு ஒத்துப்பார்ப்பது அவசியம்.

ஆனால் துரு விஷயத்தில் சேலஞ்சர் கொடுமையானது. தனிச் சேஸிஸ் இல்லை, உடலே சேஸிஸ். டிக்கித் தளம், அதன் இரு ஓரங்களிலும் கீழிறங்கும் தகடுகள், பின்பக்கச் சட்டங்கள், முன்பக்க டார்ஷன் பாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் அரிப்பு இருந்தால் வண்டியின் பலமே போய்விடுகிறது. மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அங்கே தினசரி ஓடிய சேலஞ்சரைவிட, அரிசோனா வெயிலில் டாஷ்போர்டு வெடித்து, இருக்கை கிழிந்து கிடக்கும் சேலஞ்சர் நூறு மடங்கு நல்லது. கூரையில் வினைல் ஒட்டிய வண்டி என்றால் பின்கண்ணாடியின் கீழ் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்ற சத்தம் வந்தால் உள்ளே தகடு இல்லை.

மாக் 1: யாரும் கொண்டாடாத நேர்மை

1971 மஸ்டாங்கைப் பெருத்துவிட்டது என்று ஒதுக்கியவர்கள் ஏராளம். பின்கண்ணாடி ஏறக்குறைய படுத்துக்கிடக்கிறது. ரியர்வியூ கண்ணாடியில் சாலை ஒரு கீற்றாகத்தான் தெரியும். அதை மறைக்கவில்லை. ஆனால் விலை பழைய மஸ்டாங்குகள் அளவுக்கு ஏறாததற்கும் அதுதான் காரணம்.

நிரூபணத்தில் இதற்கு இணை இல்லை. எண்ணில் 05 இருந்தால் மாக் 1. பக்கவாட்டில் கோடு ஒட்டிய சாதாரண மஸ்டாங் அந்த எண்ணைக் காட்ட முடியாது. அடுத்து வரும் H என்றால் இரண்டு பேரல் (காற்றுக் குழல்) கார்புரேட்டர் கொண்ட 351, M என்றால் நான்கு பேரல் கொண்ட, கிளீவ்லாண்ட் என்று பெயர்பெற்ற 351 எஞ்சின். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் 1967 முதல் பாதுகாப்பாக இருக்கின்றன. வண்டி எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் மார்ட்டி ரிப்போர்ட் வந்துவிடும்: எந்த நிறம், எந்த கியர்பாக்ஸ், என்னென்ன வசதிகள், எந்த டீலருக்குப் போனது என்பது வரை. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன், வீட்டில் உட்கார்ந்தபடியே பாதிப் பொய்களைப் பிடித்துவிடலாம்.

கிளீவ்லாண்ட் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. நான்கு பேரல் ஹெட்டின் காற்றுவழிகள் மிகப் பெரியவை. குறைந்த வேகத்தில் சற்றுச் சோம்பல் காட்டும், சுழற்சி ஏறியதும் விழித்துக்கொள்ளும். அமுக்க விகிதம் 10.7. அதனால் உயர்தரப் பெட்ரோல்தான் போட வேண்டும்.

டிரான்ஸ் ஆம்: ஓட்டுவதற்கானது

1978இல் மட்டும் 93,341 டிரான்ஸ் ஆம்கள் விற்றன. முந்தைய ஆண்டு வந்த ஒரு சினிமா கறுப்பு-தங்க நிற வண்டியை நட்சத்திரமாக்கியதால் பலர் ஆசையோடு வாங்கிக் கொட்டகையில் பாதுகாத்தார்கள். கைபடாத வண்டி இன்றும் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது இதில்தான். போன்டியாக்கின் பழைய விலைப்பட்டியல் நகல்கள் பிஎச்எஸ் என்ற ஆவண சேவையிடம் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தேட வேண்டியது டபிள்யூ72 என்ற 400 கன அங்குல எஞ்சின். அதே வண்டியில் ஓல்ட்ஸ்மொபைல் தயாரித்த 403உம் வந்தது, ஆனால் ஆட்டோமேட்டிக் கியரோடு மட்டுமே. 1978 வண்டியில் நான்கு கியர் மேனுவல் இருந்து, 403 எஞ்சினும் இருந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

கழற்றக்கூடிய கண்ணாடிக் கூரை ஒழுகும். கால் வைக்கும் தளத்தைத் தடவிப் பாருங்கள். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே 1975 வரையிலான வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை, 1976 முதல் உண்டு. மற்ற மூன்றும் தப்பிவிடும். டிரான்ஸ் ஆம் தப்பாது. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை முந்தைய உரிமையாளர் கழற்றி எறிந்திருந்தால் அங்கே பதிவு செய்வதே தலைவலி.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது லாக்கர் பெயிண்ட் அடித்தது. வயதானால் அதில் மயிரிழை வெடிப்புகள் விழும். செவெலிலோ டிரான்ஸ் ஆமிலோ அந்த வெடிப்புகளும், டிரான்ஸ் ஆமின் பானெட்டில் சிறகு விரித்த பறவைப் படத்தின் உரிந்த ஓரங்களும் தெரிந்தால் வருத்தப்படாதீர்கள். அவை அசல் என்பதற்கான சாட்சி. கண்ணாடிபோல் மின்னும் வண்டிக்குக் கீழே எத்தனை கிலோ பட்டி இருக்கிறது என்பதைப் பெயிண்ட் தடிமன் மீட்டர்தான் சொல்லும். பக்கத்துப் பக்கத்துத் தகடுகளில் அளவு திடீரென்று எகிறினால் அங்கே ஒட்டுவேலை நடந்திருக்கிறது.

என் தேர்வு: முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வாங்குவதானால் M எழுத்து கொண்ட 1971 மாக் 1. ஒவ்வொரு வாரமும் நெடுஞ்சாலையில் ஓட்ட நினைப்பவருக்கு டபிள்யூ72 டிரான்ஸ் ஆம். உலர்ந்த மாநிலத்தில் வாழ்ந்த சேலஞ்சரை விலை கட்டுப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அடியில் படுத்துப் பார்த்த பிறகு. செவெலைப் பில்ட் ஷீட் இல்லாமல் எஸ்எஸ் விலைக்கு வாங்கவே கூடாது. மாலிபு விலைக்குத் தந்தால் மகிழ்ச்சியோடு வாங்கி ஓட்டுங்கள், அது அருமையான வண்டி.

மாக் 1ஐப் பார்க்கப் போகும்போது ஒரு குடம் தண்ணீர் கேளுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே பானெட்டின் பின்னால் உள்ள காற்றுத் துளைகளில் அதை மெதுவாக ஊற்றிவிட்டு, உள்ளே குனிந்து கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் முன்சக்கரங்களுக்குப் பின்னால் வெளியே வடிய வேண்டும். பெடல்களுக்கு அருகில் சொட்டினால் அந்தத் துளைகளுக்குக் கீழே உள்ள உட்குழிவு துருவால் அரித்துவிட்டது. அதைச் சரிசெய்ய முன்ஃபெண்டர்களைக் கழற்றி, வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துத் தகட்டைப் பிரிக்க வேண்டும். வாரக்கணக்கில் கூலி ஆகும். அந்தச் செலவை விலையில் கழிக்க விற்பவர் மறுத்தால் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுங்கள். 1971இல் ஃபோர்டு 36,499 மாக் 1 கார்களைத் தயாரித்தது, இன்னொன்று கிடைக்கும்.