ஜிடிஏ நர்சிங் அசிஸ்டன்ட் கோர்ஸ், படிச்சு வேலைக்கும் போய் சில வருஷம் ஆனப்புறம் எழுதுறேன்

கோர்ஸ் முடிச்ச வாரத்துல எல்லாரும் அஞ்சு ஸ்டார்தான் போடுவாங்க. வேலைக்குப் போய் ரெண்டு மூணு ஆஸ்பத்திரி மாறி, வீட்டு டியூட்டியும் பாத்தப்புறம்தான் எது உதவுச்சு எது சும்மான்னு தெரியுது. நான் படிச்சது ஜிடிஏ, ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட், ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் சர்ட்டிஃபிகேட்.

மொதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும், இதைப் படிச்சா நர்ஸ் ஆக முடியாது. நர்ஸ்னா ஏஎன்எம் (துணை நர்ஸ், பிரசவ உதவிப் படிப்பு) 2 வருஷம், ஜிஎன்எம் (ஜெனரல் நர்சிங், பிரசவ உதவிப் படிப்பு) 3 வருஷம், பிஎஸ்சி நர்சிங் 4 வருஷம், முடிச்சிட்டு தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில்ல பதிவு பண்ணணும். ஏஎன்எம்ல ஆம்பளைங்களைச் சேர்க்கவும் மாட்டாங்க. ஆனா எங்க மதுரைப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் சுவர்ல பாத்தீங்கன்னா "6 மாதத்தில் நர்ஸ்", "டிப்ளமோ இன் நர்சிங், 100% வேலை"ன்னு ஒட்டியிருப்பான். சேர்றதுக்கு முன்னாடி ஒரு இடத்துல போய், இதை முடிச்சா கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமான்னு கேட்டேன், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, மொதல்ல அட்மிஷன் போடுங்க"ன்னாங்க. கிளம்பி வந்துட்டேன். அசிஸ்டன்ட் கோர்ஸை அசிஸ்டன்ட் கோர்ஸ்னே சொல்லி விக்கிற இடமா பாருங்க, அதுவே பாதி தேறின மாதிரி. காசு இல்லாதவங்க பிஎம்கேவிஒய், கிராமத்துப் பசங்கன்னா டிடியு-ஜிகேஒய்னு மத்திய அரசோட தொழில் பயிற்சித் திட்டங்கள் இருக்கு, ரெண்டுலயும் ஃபீஸ் கிடையாது, உங்க மாவட்டத்துல இப்ப பேட்ச் ஓடுதான்னு விசாரிச்சுட்டுப் போங்க.

இன்னொண்ணு, வார்டு போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை படுக்கைன்னு கேளுங்க. கிளாஸ்ல பொம்மையை வச்சு ஸ்பாஞ்ச் பாத் கத்துக்குறது சுலபம், பொம்மை வலிக்குதுன்னு கத்தாது. நான் உருப்படியா கத்துக்கிட்டது எல்லாமே மெடிக்கல் வார்டுல ஒரு சீனியர் சிஸ்டர்கிட்ட திட்டு வாங்கித்தான். ஸ்ட்ரோக் வந்தவருக்கு சட்டை போடும்போது அசைவு இல்லாம விழுந்துபோன கையை முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது அதைக் கடைசியா எடுக்கணும். வீல்சேர்ல மாத்தும்போது நல்லா இருக்கிற பக்கம் சேரைப் போட்டு பிரேக்கை லாக் பண்ணணும். ஆர்டி ஃபீட், அதாவது மூக்கு வழியா வயித்துக்குப் போட்ட ட்யூப்ல சாப்பாடு, குடுக்கும்போது தலைப்பக்கம் உயர்த்தியே இருக்கணும், குடுத்து முடிச்ச உடனே படுக்க வச்சா புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். யூரோ பேக், அதான் ட்யூப் வழியா சிறுநீர் சேர்ற பை, எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும், ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்ப அதைத் தூக்கி பேஷண்ட் வயித்து மேல வைக்கிறவங்களை இன்னமும் பாக்குறேன், பத்திக்கிட்டு வரும். படுத்த படுக்கையா இருக்கிறவரை 2 மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வைக்கிறதுதான் இந்த வேலையிலயே பெரிசு, அதை நைட் டியூட்டில ரெண்டு தடவை விட்டா காலையில முதுகுக்குக் கீழ செவப்பா நிக்கும், அதுதான் படுக்கைப் புண்ணோட ஆரம்பம். வேஸ்ட் எந்தக் கலர்ல போடணும்ங்கிறது பரீட்சைக்குப் படிச்சதுதான், ஆனா தினமும் வேணும்: ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள், ஐவி ட்யூப் யூரோ பேக் மாதிரி பிளாஸ்டிக் சிவப்பு, ஊசி பிளேடு வெள்ளை டப்பா, கண்ணாடி குப்பி நீலம்.

கம்ப்யூட்டர், ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எல்லாம் பேருக்கு நடந்துச்சு. அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

வேலைன்னு பாத்தா உடனே கிடைக்குது, அது உண்மை. சம்பளம்தான் கையைக் கடிக்கும், ஆரம்பத்துல டெலிவரி ஓட்டுற ஃப்ரெண்டு என்னைவிட அதிகமா வாங்கினான். வீட்டு டியூட்டி போனா கொஞ்சம் தேவலாம், அதுவும் படுத்த படுக்கையா இருக்கிற ஆம்பளை பேஷண்ட்டுக்கு ஆம்பளை ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு, அதனால எனக்கு ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும். ஆனா வீட்டுல நாம அட்டெண்டரா, சமையல்காரனா, மார்க்கெட் போற பையனான்னு ஒரு குழப்பம் வரும், முதல் நாளே பேசிடணும். வீட்டு ஆளுங்க சில பேர் ஆரம்பத்துல முகம் குடுத்துப் பேசமாட்டாங்க, அப்பாவைக் குளிப்பாட்டி ஷேவ் பண்ணி வெளிய வெயில்ல உக்கார வச்சதும் காபி வரும்.

சின்ன நர்சிங் ஹோம்ல ஒரு தொல்லை இருக்கு. ஸ்டாஃப் நர்ஸ் பத்தாதுன்னு நம்மளை ஐவி போடு, இன்ஜெக்‌ஷன் போடும்பாங்க. ஒரு இடத்துல என்கிட்டயும் சொன்னாங்க, என் சர்ட்டிஃபிகேட்ல அது இல்ல சார்னு சொல்லிட்டேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க, அடுத்த மாசமே வேற இடம் பாத்துட்டேன். ஏதாவது ஆச்சுன்னா பேஷண்ட் உயிர் போகும், மாட்டுறது நாமதான்.

உடம்புன்னு பாத்தா முதுகுதான் பிரச்சினை. ஆளைக் குனிஞ்சு தூக்காம முட்டியை மடக்கி பேஷண்ட்டுக்கு அடியில விரிச்சிருக்கிற டிரா ஷீட்டைப் பிடிச்சு ரெண்டு பேரா இழுக்கணும்னு கிளாஸ்ல சொன்னப்ப தூங்கிட்டு இருந்த பசங்க பாதிப் பேர் இப்ப பெல்ட் கட்டிட்டு அலையுறானுங்க.

ஜிடிஏ முடிச்சா நேரா ஜிஎன்எம் ரெண்டாம் வருஷம் போகலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ப்ளஸ் டூ தகுதியோட முதல் வருஷத்துலேருந்துதான் சேரணும். அப்புறம் வார்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி ஊசி போடுறாங்களான்னு கேளுங்க, மூணு டோஸ், முதல் ஊசிக்கப்புறம் 1 மாசத்துல ஒண்ணு, 6 மாசத்துல ஒண்ணு, அதனால அட்மிஷன் போட்ட வாரமே ஆரம்பிச்சுடணும். ஊசிக் காசு அவங்க குடுக்குறாங்களா நாம கட்டணுமான்னும் அப்பவே கேட்டு வச்சுக்கோங்க.