மயிலாப்பூரா, காந்தி நகரா, பெசன்ட் நகரா? பழைய வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னையின் வசதியான பேட்டைகளில் தனிவீடு பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் சொல்வது இதுதான்: "மனைக்குத்தான் சார் விலை, கட்டடம் கணக்கிலேயே இல்லை." இடித்துவிட்டுக் கட்டப் போகிறவருக்கு அது சரி. குடியிருக்க வாங்குபவருக்குப் பாதிதான் சரி. கணக்கில் வராத அந்தக் கட்டடம் இன்னும் இருபது முப்பது வருஷம் தாங்கினால் அவருக்கு அது சும்மா வந்த லாபம். தாங்காது என்றால், மனை விலைக்கு மேல் இன்னொரு பெரிய செலவு காத்திருக்கிறது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருக்க என்றால் அடையாறு பகுதியில் உள்ள காந்தி நகர். பத்திரம் சுத்தமாக இருந்தால் மயிலாப்பூர். பெசன்ட் நகர் வீட்டை இடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

மயிலாப்பூரில் கோயிலைச் சுற்றியும் லஸ் பக்கத்திலும் சுதந்திரத்துக்கு முந்தைய வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கான்கிரீட் தளத்தைப் போல உள்ளே கம்பி கிடையாது, அதனால் துருப்பிடித்து உப்புவதும் கிடையாது. தொண்ணூறு வயதுக் கூரை சில சமயம் ஐம்பது வயதுக் கான்கிரீட்டைவிட நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கூரைக்கு எதிரி ஈரமும் கரையானும். இரண்டும் கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் வேலையைத் தொடங்கும். கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏணி போட்டு ஏறி, கட்டையின் நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். சுலபமாக உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. அப்புறம் மாடிக்குப் போங்கள். ஒழுகலை நிறுத்துகிறேன் என்று யாராவது தட்டோட்டின் மேல் சிமெண்ட் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்களா பாருங்கள். கட்டைக்கு அது தேவையில்லாத பாரம், ஈரமும் அடியில் அடைபட்டுவிடும். சுவரிலும் இதே கதை. சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசிய இடத்தில் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்புளித்து நிற்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

ஆனால் மயிலாப்பூரில் நான் பயப்படுவது கூரைக்கு அல்ல, அடிமனைக்கு. வீடு ஒருவருடையது, அதன் கீழே உள்ள மண் கோயிலுடையது என்கிற ஏற்பாடு இங்கே சகஜம். பக்கத்துத் தெருவைவிட விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். பத்திரத்தில் 'கட்டடம் மட்டும்' என்று இருந்தால் நீங்கள் வாங்குவது செங்கல்லையும் மரத்தையும் கோயிலுக்கு மனை வாடகை கட்டும் பொறுப்பையும்தான். நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் 1921-ஐச் சொல்லி, "பின்னால் மனையையும் வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது ஆசை காட்டலாம். 1996-இல் வந்த திருத்தம் கோயில் நிலங்களை அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. வாடகையையும் அறநிலையத் துறை சந்தை மதிப்பை வைத்து மறுநிர்ணயம் செய்யலாம். இப்படிப்பட்ட வீட்டை நான் எந்த விலைக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மனை சொந்தம் என்றாலும் அகலத்தைப் பாருங்கள். இங்கே பல மனைகள் ஒடுக்கமாக நீண்டு போகும், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும். இடித்துக் கட்ட நினைத்தால் பக்கவாட்டு இடம் விட்டதுபோக மிஞ்சுவது ரயில் பெட்டி. கச்சேரி சாலை, திருமயிலை பக்கமெல்லாம் மெட்ரோ இரண்டாம் கட்டச் சுரங்கம் போகிறது. பாதைக்கு அருகே கட்டுவதற்கு மெட்ரோ நிறுவனத்தின் தடையில்லாச் சான்று தேவைப்படும். சுவரில் விரிசல் இருந்தால் அது பழையதா, இன்னும் வளர்கிறதா என்று பொறியாளரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காந்தி நகர் வேறு உலகம். சுதந்திரத்தை ஒட்டிக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் திட்டமிட்டு மனை பிரித்த இடம். அகலமான தெரு, பெரிய மனை, நிழல். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய வீடுகளில் சுவர் தடிமனாக இருக்கும், ஜன்னல் பெரிதாக இருக்கும், மதியத்தில் உள்ளே நுழைந்தால் வித்தியாசம் தெரியும். கான்கிரீட் தளத்தில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதே முக்கியக் கேள்வி. போர்டிகோவின் அடிப்பக்கம், சன்ஷேடு, குளியலறைத் தளம் ஆகிய மூன்றும் முதலில் காட்டிக்கொடுக்கும். புதிதாக பெயிண்ட் அடித்த போர்டிகோவைச் சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்ளே காரை விட்டுப்போயிருக்கிறது.

அதைவிடப் பெரிய தொல்லை தெரு மட்டம். மேலே மேலே ரோடு போட்டுப் போட்டு, மூன்றடி உயரத்தில் கட்டிய வீடுகள் பல இன்று தெருவுக்குச் சமமாகவோ தாழ்வாகவோ நிற்கின்றன. கேட்டுக்கு வெளியே இருந்து உள்ளே சரிவாக இறங்கினால் கவனியுங்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பழைய கட்டடத்தில் அது எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டிலும் முனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் எட்டத் தள்ளி உள்ள தெருவாக இருந்தால் நிம்மதி.

காந்தி நகர் வீடுகளின் பத்திரச் சிக்கல் வாரிசுகள். அப்பா சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்துபோன வீடு என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சமபங்கு உண்டு. "அக்காவுக்கு அப்பவே சீர் செய்தாச்சு" என்பது அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் ஆகாது. பலரும் கோட்டை விடுவது இன்னொன்று: அப்பா இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்கும் ஒரு பங்கு போயிருக்கிறது. பாட்டியும் உயில் எழுதாமல் போயிருந்தால் அந்தப் பங்கில் சித்தப்பா, அத்தை எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களோடு இறப்புத் தேதிகளையும் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

பெசன்ட் நகர் வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய பகுதி. எழுபதுகளில் வந்த வீடுகளில் காற்று அருமை, கடற்கரை பக்கத்தில், ஆனால் அந்தக் காற்றில் வரும் உப்புதான் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. காரையைத் தட்டி எடுத்துப் புதிதாகப் பூசினாலும் உள்ளே போன உப்பு போகாது, சில வருஷத்தில் பக்கத்து இடத்தில் உப்பிக்கொண்டு வரும். அதனால்தான் இங்கே கட்டடத்துக்கு மதிப்பே போடக்கூடாது என்கிறேன். இடித்துக் கட்டலாம் என்றால் கடலோரத்தில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் மனை வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்திர விஷயத்தில், வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது. வாரியம் முதல் ஒதுக்கீட்டாளருக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பாக்கி கட்டாமல் அது நின்றுபோன வீடுகள் உண்டு.

இடித்துக் கட்டுகிறவர்களின் கணக்குச் சுருக்கமானது. 2019 கட்டட விதிகளின்படி தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால் 4,800 கட்டலாம். பில்டரோடு பாதிக்குப் பாதி பேசினால் உங்கள் கைக்கு 2,400. தெரு குறைந்தது 9 மீட்டர் இருந்தால் கட்டணம் கட்டிக் கூடுதலாகவும் வாங்கலாம். காந்தி நகரின் அகலமான தெருக்கள் இங்கேயும் ஜெயிக்கின்றன, மயிலாப்பூர்ச் சந்துகள் தோற்கின்றன.

தனிவீட்டுக்குக் கை எட்டாதவர்கள் இதே பேட்டைகளில் பழைய அடுக்கக ஃபிளாட்டைப் பார்ப்பார்கள். அதில் சுவரை விட்டுவிட்டு, மனையில் உங்களுக்குச் சேரும் பிரிபடாத பங்கை மட்டும் பாருங்கள். இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு என்றால் ஆளுக்கு சுமார் 600 சதுர அடி மண், பதினாறு வீடு என்றால் 300தான். 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்ககச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்பதால், இந்தப் பங்கின் அருமை கூடியிருக்கிறது.

எதை வாங்கினாலும் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு கோடிக்கு ஒன்பது லட்சம். கட்டடம் பழையது என்பதால் வங்கி மதிப்பீட்டாளர் அதற்குப் பெரிதாக ஒன்றும் போட மாட்டார், அதனால் ரிப்பேர் பணம் கையில் இருக்க வேண்டும். விற்பவர் அமெரிக்காவில் இருக்கிறாரா என்பதையும் பேச்சின் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் 50 லட்சமோ அதற்கு மேலோ போகும் விலையில் 1 சதவீத வரி பிடித்தால் போதும். வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் பல மடங்கு, அட்வான்ஸ் தொகையிலேயே பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை தேடி வருவது வாங்கியவரைத்தான். குறைந்த விகிதத்துக்கான சான்றை விற்பவர் வாங்கித் தருவதாகச் சொன்னால், அது கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.