27/? : நாலு வருஷ உபயோகம், ஒரு சீப்பு

போன வாரம் போன் ரிப்பேருக்குப் போனது. சார்ஜ் போடும் ஓட்டையில் பச்சை பூத்துவிட்டது. ராமேஸ்வரம் தீவில், எங்கள் தங்கச்சிமடத்தில் இது அதிசயமில்லை. உப்புக்காத்துக்குக் கதவுக் கீலும் ஒன்றுதான், போனும் ஒன்றுதான். கடைக்காரத் தம்பி உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "போர்டு வரைக்கும் ஏறியிருக்குக்கா. உள்ள இருக்கிறது போனாலும் போயிரும். முக்கியமா ஏதும் இருக்கா?" என்றான். போட்டோ எல்லாம் வேறு இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். கொஞ்சம் யோசித்து, "ஒரு கதை இருக்கு தம்பி" என்றேன்.

"எழுதுவீங்களாக்கா?"

"இல்ல, படிக்கிறது. அதுவும் முடியாத கதை."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். கதை பிழைத்தது. போன் பிழைக்க எழுநூறு ரூபாய் ஆனது.

அதே வாரம், மண்டபத்தில் நான் கணக்கு எழுதும் நண்டு கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பிள்ளை ஒருத்தி, "அக்கா, சூப்பர்மேனும் லூதரும் சிநேகிதமாகிற கதைன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, நான் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாள். வாயால் சொன்னால் இன்றைக்கு ஒன்று சொல்வேன், நாளைக்கு வேறு சொல்வேன். அதனால் எழுதியே வைக்கிறேன்.

ரசிகர் கதை என்றால் என்ன, யார் ஹீரோ, யார் வில்லன் என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. மொட்டை விவகாரம் மட்டும் தெரிந்திருந்தால் போதும். லூதர் 1940இல் காமிக்ஸில் முதன்முதலாகத் தலைகாட்டியபோது அந்தத் தலையில் செம்பட்டை முடி இருந்தது. அடுத்த வருஷமே மொட்டை. அதற்குக் காரணம் 1960இல்தான் வந்தது. சின்ன வயசில் ரெண்டு பேரும் ஸ்மால்வில் ஊரில் சிநேகிதர்களாம். சக்தியை உறிஞ்சும் கிரிப்டோனைட் கல்லிலிருந்து சூப்பர்பாயை, அதாவது சின்ன வயசு சூப்பர்மேனைக் காப்பாற்றியவனே லூதர்தானாம். அந்த நன்றிக்கு அவன் லூதருக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுக்கிறான். அங்கே ஒரு நாள் தீப்பிடிக்கிறது. சூப்பர்பாய் ஓடி வந்து ஒரு ஊது ஊதுகிறான். தீ அணைகிறது. ரசாயனப் புகை பட்டு லூதரின் முடி மொத்தமும் கொட்டுகிறது, அவன் செய்து வைத்திருந்த கண்டுபிடிப்பும் நாசம். "பொறாமையில வேணும்னே செஞ்சுட்டே" என்கிறான் லூதர். அன்றைக்கு ஆரம்பித்த பகை.

மயிர் போனால் உயிரை விடும் கவரிமானைக் கேள்விப்பட்டிருக்கிறோம். மயிர் போனதற்கு அடுத்தவன் உயிரை எடுக்கக் கிளம்பியவன் இவன்தான். இதைக் கேட்டுவிட்டு அப்பா, "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கானுங்க" என்றார்.

நான் படிக்கிற கதை அந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்க்கிறது. தமிழில் எழுதியது. எழுதியவர் புனைபெயர்க்காரர், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ரசிகர்கள் அடுத்தவர் பாத்திரங்களை வைத்து எழுதும் கதைகளைச் சேர்த்து வைக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கதைக்கும் அத்தியாயக் கணக்கு போட்டிருக்கும். முடிந்த கதை என்றால் 27/27. மொத்தம் எத்தனை என்று எழுதுபவர் சொல்லவில்லை என்றால் 27/?. இந்தக் கேள்விக்குறியோடு நான் குடித்தனம் நடத்தி நாலு வருஷம் ஆகிறது.

கதை இதுதான். சூப்பர்மேனுக்குச் சக்தி வற்றிப்போகிறது. மஞ்சள் சூரியன்தானே அவனுக்குச் சோறு, அது செரிக்காமல் போகிறது. ஊரெல்லாம் அவனைத் தேடுகிறார்கள். யாரும் தேட மாட்டார்கள் என்று நம்பி ஒளியக்கூடிய இடம் மெட்ரோபோலிஸில் ஒன்றே ஒன்றுதான், லூதரின் வீடு. போய்க் கதவைத் தட்டுகிறான். லூதர் திறந்து பார்த்துவிட்டு, "செருப்பை வெளியே விடு" என்கிறான். முதல் அத்தியாயம் முடிந்தது. மண்டபம் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எட்டிலிருந்து பத்து வரை இழுவை. ல, ள, ழ மூன்றும் ஒரே குடும்பம் என்பது எழுத்தாளரின் கொள்கை. சூப்பர்மேனின் காதலி லோயிஸ் ரெண்டு இடத்தில் போனில் பேசுகிறாள், அவ்வளவுதான், அந்தம்மாவுக்கு அநியாயம். இதெல்லாம் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு முன்னால் நிற்காது.

பன்னிரண்டில் சூப்பர்மேன் ஒரு பேனா தேடி லூதரின் மேசை இழுப்பறையைத் திறக்கிறான். உள்ளே ஒரு கறுப்புச் சீப்பு. பல்லிடுக்கில் அழுக்கு இல்லை. ரெண்டு பல் உடைந்திருக்கிறது. உடைந்த இடம் கூராக இல்லை, வழவழப்பாக இருக்கிறது, ஒரு கட்டைவிரல் வருஷக்கணக்காகத் தடவித் தேய்த்த மாதிரி. அவன் எதுவும் சொல்லவில்லை. சத்தம் வராமல் இருக்க உள்ளங்கையை அண்டக் கொடுத்து இழுப்பறையை மூடுகிறான். பக்கத்து அறைக்கு வந்து, "பேனா இல்லை, பென்சிலே போதும்" என்கிறான். லூதர் நிமிர்ந்து பார்க்கிறான். அவனும் எதுவும் சொல்லவில்லை.

இதைக் குறைந்தது முப்பது தடவை படித்திருப்பேன். மொட்டைத் தலையனிடம் இருக்கும் சீப்பைப் பற்றி இனி உலகத்தில் யாரும் எழுத வேண்டாம். எழுதியாகிவிட்டது.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 27ஆம் அத்தியாயத்தில் லூதரே சீப்பை எடுத்து வந்து மேசை மேல் வைக்கிறான். "அன்னைக்கு நீ ஊதினப்போ, உள்ளே மேசையில என்ன இருந்ததுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்கிறான். சூப்பர்மேன் சீப்பைப் பார்த்தான், பிறகு லூதரைப் பார்த்தான். முற்றும் இல்லை, தொடரும் இல்லை, "அடுத்தது ரெண்டு வாரத்தில்" என்று ஒரு குறிப்பு மட்டும்.

அது 2022 டிசம்பர். அதே மாசம்தான் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 1914இல் திறந்த பாலத்துக்குப் பதிலாக 2.08 கிலோமீட்டருக்குப் புதுப் பாலம் கட்டி, நடுவில் 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட் மாதிரி மேலே ஏறுகிற மாதிரி செய்து, 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தும் விட்டார்கள். தினமும் ரோட்டுப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது தூண் தூணாக அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இங்கே ஒரு வரி ஏறவில்லை. எங்கள் அப்பா காலத்தில் பத்திரிகையில் "தொடரும்" என்று போட்டால் அடுத்த வாரம் வரும். வராவிட்டால் ஆசிரியருக்குக் கார்டு எழுதுவாராம்.

நானும் எழுதினேன். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு, "முழுசா வேணாம், அவன் தெரியும்னு சொல்வானா, தெரியாதுன்னு சொல்வானா, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்று. கடைசியில் சேர்த்த வாக்கியத்தை இங்கே எழுத மாட்டேன், மரியாதை இல்லாதது. மூன்று மாசம் கழித்துப் பதில் வந்தது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் கேள்வியையே திருப்பிக் கேட்கும் வாத்தியார் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் போனைக் கட்டிலில் வீசினேன். கட்டில் என்பதால் இந்த ரிப்பேர்ச் செலவு அப்போதே வரவில்லை.

நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் மற்றவர்களுக்குத் தெரியும்.

தம்பி விசைப்படகில் போகிறான். வலையைப் போட்டு இழுத்துக்கொண்டு போகிற நேரத்தில் பெரிய வேலை கிடையாது. கொஞ்ச தூரத்திலேயே சிக்னலும் போய்விடும். அந்தத் தளத்தில் கதையை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள வழி இருப்பதால் அவன் போனிலும் போட்டுக் கொடுத்தேன். அவன் படித்ததோடு விடவில்லை, படகில் எல்லாருக்கும் சொல்லிவிட்டான். சீப்பில் வந்து நின்றதும் அடிதடியாம். "மிச்சம் எங்கடா?" "எழுதலண்ணே." "எழுதாத கதையை ஏண்டா எங்ககிட்ட சொன்னே?"

ஒருத்தர் சொன்னாராம், மொட்டையன் பணக்காரன், ஆகவே அவன்தான் விசைப்படகு ஓனர், பறக்கிறவன் நாட்டுப்படகுக்காரன். படகின் டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊதினது யாரு? பெரிய ஆளு. பெரிய ஆளு நல்லதுக்குன்னு ஒரு ஊது ஊதினாலும் சின்ன ஆளு வலை கிழிஞ்சிருது. அப்ப லூதர்தான் நாட்டுப்படகு." வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று இங்கே நாளைப் பிரித்து வைத்திருப்பதே இந்தச் சண்டையால்தான். "அப்ப பறக்கிறவன் என்னண்ணே சொல்லுவான்?" என்று தம்பி கேட்டிருக்கிறான். "தெரியாதுன்னுதான் சொல்லுவான். நாம என்ன சொல்றோம்?" என்றாராம் டிரைவர். அதற்கு மேல் யாரும் பேசவில்லையாம்.

அந்த வருஷம் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அந்தப் படகில் போகிற ஆறு பேரில் நாலு பேர் ஏதாவது சாக்கில் வீட்டுக்கு வந்து, டீ குடித்து, போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பிள்ளை ஏதும் எழுதுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எழுத்தாளர் அவர்களுக்கு எப்படியோ பிள்ளையாகிவிட்டார். என் கோபத்தில் பாதி இந்தக் கேள்வியால் கரைந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் கட்சி தனி. அவர் இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர். "மாயாவியே ஆரம்பத்துல கெட்டவன்தான். அப்புறம் நம்ம பக்கம் வந்துட்டான். ஏன் கெட்டவனா இருந்தேன்னு ஒருத்தனும் உக்கார வச்சுக் கேக்கல" என்றார். இன்னொன்றும் சொன்னார். தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறதல்லவா, 1964 புயலில் ஊரே போனபோதும் நின்ற கோயில். விபீஷணன் வந்து ராமரிடம் சேர்ந்ததும் பட்டம் கட்டியதும் அங்கேதான் என்பார்கள். "வந்தவனை நிறுத்தி, 'உங்கண்ணன் என் பொண்டாட்டியத் தூக்கிட்டு வந்தப்ப நீ எங்கடா இருந்தே'ன்னு கேட்டிருந்தா அங்க பட்டாபிஷேகம் நடந்திருக்குமா? அந்த லூதர் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதால எழுத முடியாம அந்தாளு ஓடிட்டாரு."

அப்பா சொன்னது சரி என்றுதான் படுகிறது. தெரியும் என்றால் மறுபடி பகை. தெரியாது என்றால் லூதர் ஒரு ஆயுசை வீணடித்தவன். ரெண்டில் எதை எழுதினாலும் சீப்பு கெட்டுவிடும். ஆனாலும், ஓடுகிறவர் கேள்வியை எழுதிவிட்டு ஏன் ஓட வேண்டும்? கேட்பதற்கு முன்னால் ஓடியிருக்கலாமே?

இந்தக் கதையால் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். கதைக்குக் கீழே மாசம் ஒரு தடவை, "இண்டைக்கும் வந்தனான்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவாள். விசாரித்தால் இலங்கையில் தலைமன்னார். தனுஷ்கோடி முனையிலிருந்து கடலில் சுமார் 30 கிலோமீட்டர். இப்போது வாரம் ஒரு தடவையாவது பேசிக்கொள்கிறோம். "தெரியாது எண்டுதான் சொல்லுவான், பாருங்கோ அக்கா" என்பாள். அவள் அப்பாவும் கடல்தான், சின்னப் படகு. என் தம்பி எந்தப் படகில் போகிறான் என்று அவள் கேட்டதில்லை. அவர்கள் வலை என்ன ஆனது என்று நானும் கேட்டதில்லை. சீப்பைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகக் கதைப்போம்.

நியாயம் பேச வேண்டுமென்றால் எனக்குக் கோபப்பட உரிமையே இல்லை. நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அடுத்தவன் கதாபாத்திரத்தை வைத்து எழுதுவதை விற்கவும் முடியாது. எழுதியவர் வேலை முடிந்து வந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு 27 அத்தியாயம் சும்மா கொடுத்திருக்கிறார். அசல்காரர்களே மொட்டைக்குக் காரணம் சொல்ல ஏறத்தாழ இருபது வருஷம் எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்குச் சம்பளம் வேறு. அந்தத் தளத்துக்கு 2019இல் அறிவியல் புனைகதை உலகத்தின் பெரிய விருதான ஹ்யூகோ விருது கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கேள்விக்குறியோடு நிற்கும் கதைகளை எல்லாம் எண்ணிப் பார்த்து, அந்த அளவுக்கு விருதில் ஒரு மூலையை உடைத்துத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

ஆக, ஐந்துக்கு நாலரை. தமிழில் நான் படித்த சிநேகிதக் கதைகளில் இதற்குப் பக்கத்தில் வைக்க வேறு இல்லை. நீ படிக்காதே.

இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பிடிஎப் ஆக்கி, கடைசி ஒன்பது பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு அனுப்பினேன். 26ஆம் அத்தியாயம் மாடியில் முடிகிறது. சூப்பர்மேன் மேல் வெயில் படுகிறது. "நாளைக்கு மழை வரும்" என்கிறான் லூதர். "வரட்டும்" என்கிறான் அவன். வெட்டிய பிறகுதான் கவனித்தேன், அப்படியே விட்டால் அது முடிந்த கதை. நாலு வருஷம் எனக்கு இது தோன்றவில்லை.

திங்கட்கிழமை வந்தாள். கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கவில்லை போல. சூப்பர் கதைக்கா, முடிவும் நல்ல முடிவு என்றாள். நண்டு எடை போட்ட சீட்டுகளை என் மேசையில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"ஆனா அந்தச் சீப்பு என்னாச்சுக்கா?"